சிவப்புக் காருக்குள் மழை

போன புதன்கிழமை உவர்மலை இறக்கத்தில் என் கணவர் பிரேக் பிடித்தார். கார் நின்றது. காருக்குள் இருந்த தண்ணீர் நிற்கவில்லை!

நாங்கள் இருந்த சீற்றுக்குப் பின்னாலிருந்து சளக்கென்று ஓடிவந்து என் செருப்பை நனைத்தது. வெளியே மழை... உள்ளே குளம். ஞாயிற்றுக்கிழமை இதே காரில்தான் எங்கள் மகள் ஷெரின் மணப்பெண்ணாகச் சேர்ச்சுக்குப் போக வேண்டும். அதுவும் வெள்ளைச் சேலையில்.

இந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். தலைக்கு மேலே மடிக்கிற கன்வஸ் கூரை. என் கணவர் துறைமுகத்தில் படகு திருத்துகிற வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும், "இனியாவது எனக்குப் பிடிச்சதை வாங்கிறன்" என்று இதை வாங்கி வந்தார். மரக்கறி வாங்கினால் வைக்க இடமில்லை. ஆனால், கல்யாணம் என்றால் ஊரே இதைத்தான் கேட்கும். கோயில் கல்யாணம், கிண்ணியாவில் நிக்காஹ், சேர்ச் கல்யாணம் — எதற்கென்றாலும் இவர் பூக்கட்டிக்கொண்டு போய் நிற்பார்.

உள்ளே இரண்டே இரண்டு சீற். ஞாயிறன்று ஒன்று அப்பாவுக்கு, மற்றது மகளுக்கு. அம்மா? அவள் மாமிமாரோடு வான் வண்டியில் வரட்டுமாம்!

கராஜுக்குப் போன் போட்டேன்.

"இந்தக் கிழமை ஏலாது அக்கா. வெள்ளத்தில நிண்ட வாகனமெல்லாம் வாசல் வரைக்கும் நிக்குது. ஆனா கவனம்... சீற்றுக்குக் கீழ ஒரு பெட்டி இருக்கு, அதுதான் காரின்ர மூளை. அது நனைஞ்சால் நடுறோட்டில நிண்டிடும்."

நான் போனை வைத்துவிட்டு இவரைப் பார்த்தேன்.

"இஞ்சருங்கோ... வேற கார் ஒண்டு சொல்லுவமே?"

"என்ர பிள்ளையை நான்தான் கொண்டுபோவன்."

"நடுவழியில நிண்டால்?"

"நிக்காது."

அவ்வளவுதான் பேச்சு. கல்யாணம் முடிந்து அடுத்த கிழமையே ஷெரின் கனடா போகிறாள். வீட்டில் எல்லோரும் அதைப் பற்றிக் கதைக்கிறோம், அழுகிறோம், சண்டை பிடிக்கிறோம். இவர் மட்டும் அந்தக் கதை வந்தால் எழுந்து காரைத் துடைக்கப் போய்விடுவார். அதனால் வேறு கார் என்ற கதையை நானும் விட்டுவிட்டேன்.

வியாழன் முழுக்க வேலை நடந்தது. சிலிக்கன் பசையை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கண்ணாடி ஓரம், கதவு ஓரம், கூரை மடிப்பு... ஓட்டை என்று கண்ணில் பட்டதையெல்லாம் அடைத்தார். படகென்றால் இவர் கை வைத்தபின் ஒரு சொட்டு உள்ளே வராது. எனக்கும் நம்பிக்கை வந்தது. இரவு எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க உள்ளே பழைய பேப்பர் விரித்தோம். எடுத்து விரித்தது எந்தப் பக்கத்தை என்று நினைக்கிறீர்கள்? நான் பேப்பரில் எழுதுகிற இந்தப் பத்தி வந்த பக்கத்தை!

வெள்ளி காலையில் என் பத்தி கூழாகிக் கிடந்தது. அடைப்பதற்கு முன்னால் குளம் என்றால், அடைத்த பின்னால் அது கரை தெரியாத கந்தளாய்க் குளம்!

அன்றைக்குத்தான் இவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். மனிதர் படியில் உட்கார்ந்துவிட்டார். ஷெரின் யன்னலால் எட்டிப் பார்த்து, "அப்பா, பரவாயில்லை, நான் வானில வாறன்" என்றாள். எனக்குத் தாங்கவில்லை.

"எழும்புங்கோ. நான் உள்ளுக்கு இருக்கிறன். நீங்கள் பைப்பால தண்ணி அடியுங்கோ" என்றேன்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கையில் ரோர்ச் லைற். கண்ணாடியெல்லாம் தண்ணீர் வழிகிறது. வெளியே இவர் கத்துவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போலிருந்தது.

"வருதோ?"

"இல்லை! பின்னுக்குப் போங்கோ!"

கண்ணாடி ஓரம் காய்ந்திருந்தது. கதவு ஓரமும் அப்படித்தான். பைப் கூரையின் பின்பக்கம் போனபோதுதான் அந்தச் சத்தம்... வாளி நிறைகிற சத்தம். என் தோளுக்குப் பின்னால், கூரை வந்து முடிகிற இடத்தில். ரோர்ச்சைத் திருப்பினேன். அங்கே கூரைத் தண்ணீரை ஏந்துகிற ஒரு சின்னப் பீலி. அதில் தண்ணீர் விளிம்பு வரை நிறைந்து, மெல்ல உள்பக்கமாக வழிய ஆரம்பித்தது.

"நிப்பாட்டுங்கோ! இஞ்ச வாங்கோ!"

பீலியின் மூலையில் விரல் நுழைகிற அளவில் ஒரு துளை. துளை நிறைய வெள்ளைச் சிலிக்கன். கூரையில் விழுகிற மழை அந்தத் துளையால் இறங்கி, குழாய் வழியாகக் காருக்குக் கீழே போக வேண்டும். வெளியே போகிற வழியைத்தான் எங்கள் படகு நிபுணர் அழகாக அடைத்து வைத்திருந்தார்!

சிரிக்க முடியுமா? சிரித்தால் அழுதுவிடுவார். பிளேட்டை எடுத்துக் கொடுத்தேன். சிலிக்கனை வழித்தார். அப்போதும் தண்ணீர் இறங்கவில்லை. பழைய சைக்கிள் பிரேக் கம்பியைக் குழாய்க்குள் விட்டுக் குத்தினார். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம்... காருக்குக் கீழே மளமளவென்று கொட்டியது பாருங்கள்! கறுத்துப்போன மல்லிகைப் பூ, ஊறி வீங்கிய அரிசி, மினுங்கல் காகிதம். ஊரார் கல்யாணமெல்லாம் அந்தக் குழாய்க்குள் இருந்திருக்கிறது. முதல் ஒழுக்கு அதனால். இரண்டாவது, இவரால்.

உள்ளே வருவதைத் தடுப்பதில்தான் நம் கவனமெல்லாம். வந்தது வெளியே போக ஒரு வழி வேண்டாமா? காருக்கு மட்டுமா சொல்கிறேன்...

ஞாயிறு காலை கொட்டோ கொட்டென்று கொட்டியது. வான் வண்டியில் நாங்கள் முதலே போய்ச் சேர்ந்துவிட்டோம். பூசைக்கு நேரமாயிற்று. மாப்பிள்ளை பீடத்தடியில் நிற்கிறார். பாடகர் குழு பாட வேண்டியதையெல்லாம் பாடி முடித்துவிட்டது. பாதர் வாசலைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். காரைக் காணவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. கராஜ்காரர் சொன்ன 'நடுறோட்டில' மட்டும் காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்கிறது. வாசலில் சாரல் அடிக்க நின்று, செபமாலையை உருட்டினேனா பிய்த்தேனா என்றே தெரியவில்லை.

கடைசியில் மழைக்குள் அந்தச் சிவப்பு தெரிந்தது.

கார் சேர்ச் போர்ட்டிக்கோவுக்குள் வந்து நின்றதும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். ஷெரின் இறங்கினாள். சேலையில் ஒரு சொட்டு இல்லை. கண் மை மட்டும் கரைந்திருந்தது. மற்றப் பக்கத்தால் இறங்கிய இவரின் கண்களும் சிவந்திருந்தன.

"கார் நிண்டதோ?" என்று பதறினேன்.

"கார் நிக்கேல்லை. உட்துறைமுக வீதியில நான்தான் நிப்பாட்டினனான். கொஞ்சம் கதைக்க வேணும் போல இருந்தது" என்றார்.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். அவருடைய கோட்டின் இடது தோள் ஈரமாக இருந்தது — மகள் உட்கார்ந்திருந்த பக்கம்.

காருக்குள் கையை விட்டுக் கூரையைத் தடவிப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.