நான் ரிஜெக்ட் செய்த படகு

போன ஞாயிறு நான் ஒரு படகை ரிஜெக்ட் செய்தேன்!

(ப்ளஸ் ஒன் படிக்கிற நான். பன்னிரண்டு வருடமாக ஆற்றில் ஓடுகிற படகை.)

திட்ட நினைப்பவர்கள் முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள். இதற்கு மேலும் இருக்கிறது.

எங்கள் ஊர் திருமானூர்ப் பக்கம், கொள்ளிடக் கரை. அக்கரைப் படுகையில் கத்திரியும் மிளகாயும் போட்டிருக்கிறார்கள். பறிக்கப் போகிற பதினோரு பெண்களை வளர்மதி அத்தைதான் தன் மரப்படகில் ஏற்றிப் போவார். அந்தப் பதினோரு பேரில் என் அம்மாவும் ஒருத்தி. படகில் கால் மணி நேரம். பாலம் சுற்றிப் போனால் இரண்டு பஸ் மாற வேண்டும், பிறகு வெயிலில் நடை.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நான் எடுத்த தலைப்பு, படகு மரத்தின் ஈரம். அதற்கு ஒரு மாய்ஸ்சர் மீட்டர் வேண்டும். ஊசி குத்துகிற வகை, ஊசி இல்லாமல் மேலே வைத்தாலே காட்டுகிற வகை என்று இரண்டு இருக்கிறது. மூன்று நாள் ஒப்பிட்டேன். ஃபைபர் படகு என்றால் ஊசி ஓட்டை போட்டுவிடும், மரப்படகுக்கு ஊசி போதும் என்று முடிவு செய்தேன். (அட்டவணை வேறு போட்டேன். நான்கு கலரில்.) மாமா வாங்கித் தந்தார்.

மீட்டர் வந்த அன்றே அத்தை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"பழைய படகு, பலகை மக்கிருச்சுன்னு பேசிக்கிறாளுவ. நீ எல்லார் முன்னாடியும் அந்த மிஷின வச்சுக் காட்டுடி. நல்லாருக்குன்னு தெரிஞ்சா வாய மூடிக்குவாளுவ."

அத்தை என்னை நம்பிக் கூப்பிட்டார். அதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு மறக்கவில்லை, அது போதும்.

ஞாயிறு காலை படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். நான் வருகிறேன் என்று அத்தை அப்போதுதான் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிச் சேறெல்லாம் கழுவி வைத்திருந்தார். பதினோரு பேரும் சுற்றி நின்றார்கள். தார் உரிந்திருந்த ஓர் இடத்தில் ஊசியை அழுத்தினேன்.

24.

"எவ்ளோ? எவ்ளோ?" என்றார் செல்வி அக்கா.

"இருபத்தி நாலு."

"யாத்தே! பதினேழுக்கு மேல போனாலே நெல்லு மூட்டைய திருப்பி அனுப்பிருவான்!"

எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூட அந்தப் பதினேழு தெரியும். கொள்முதல் நிலையத்தில் ஈரம் பார்க்கிற மிஷினில் பதினேழைத் தாண்டினால் நெல்லைத் திரும்பக் காய வைக்க வேண்டியதுதான். ஆனால் அது நெல்லுக்கு! இது படகு! அதைச் சொல்ல வேண்டிய ஒரே ஆள் நான்.

நான் என்ன செய்தேன்? கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தலையாட்டினேன்.

"ஆமாக்கா. இது ரிஜெக்ட்தான்."

அத்தை பதறிப்போனார். "ஏ புள்ள, ஆத்துல கெடக்குற மரம் ஈரமாத்தான்டி இருக்கும். காஞ்சாத்தான்..."

நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "அத்தை, மிஷின் பொய் சொல்லாது."

இந்த வரியை டைப் செய்யும்போதே காது சுடுகிறது.

திங்கட்கிழமையிலிருந்து பதினோரு பேரும் பஸ்ஸில் போனார்கள். படகு கரையிலேயே கிடந்தது.

புதன்கிழமை கண்காட்சிக்குச் சார்ட் எழுதுவதற்காகத்தான் மீட்டர் டப்பாவில் இருந்த தாளைப் பிரித்தேன். (பொட்டலம் கட்டிய பேப்பரைக்கூட விடாமல் படிக்கிறவள் என்று எனக்குப் பெயர்!) அதில் தெளிவாகப் போட்டிருந்தது. மேற்பரப்பு ஈரமாக இருந்தால் அளக்கக் கூடாது. ஓரிடத்து எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. பல இடங்களில் பார்த்து ஒப்பிட வேண்டும், தட்டியும் பார்க்க வேண்டும். தண்ணீரில் இருக்கும் மரத்தில் எண் கூடத்தான் செய்யும். மரம் ஈரத்தில் உப்பினால்தான் பலகை இடுக்குகள் அடைபடும்.

அப்படியென்றால் காய்ந்த படகுதான் ஒழுகும். அத்தை சொல்ல வந்த மீதி அதுதான்!

பள்ளி விட்டதும் நேராகக் கரைக்கு ஓடினேன். கழுவாமல் காய்ந்திருந்த பலகையில் இருபது இடத்தில் வைத்தேன். எங்கும் ஏறக்குறைய ஒரே எண். தட்டினால் எங்கும் கணீர் என்று ஒரே சத்தம். ஓரிடம்கூட மக்கவில்லை.

அத்தையிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் தார்ச்சட்டியைக் கிளறிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"தப்பாச் சொன்னதுகூடப் பரவால்லடி. நான் பேச வந்தப்ப கையக் காட்டுன பாரு. அத்தன பேரு முன்னாடி."

அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

இன்று காலை பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் போய், நான் சொன்னது தப்பு, படகு நல்ல படகு என்று சத்தமாகச் சொன்னேன்.

செல்வி அக்கா சிரித்தார். "அன்னைக்கு மிஷின நம்பச் சொன்ன. இன்னைக்கு பேப்பர நம்பச் சொல்ற. நாளைக்கு எத நம்பணும், அதயும் இப்பவே சொல்லிரு!"

ஆனால் அவர்தான் முதலில் படகை நோக்கி நடந்தார். ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். பத்துப் பேர் ஏறிவிட்டார்கள்.

அம்மா மட்டும் பஸ் ஸ்டாப்பிலேயே நின்றாள்.

"வாம்மா, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"நீ சும்மா இருடி. வளர்மதி மனசு நோவக் கூடாதுன்னு எறங்கி வந்து பேசுற, எனக்குத் தெரியாதா? படிச்ச புள்ள, மிஷின் வச்சுப் பாத்துட்டு தப்பாச் சொல்லுமா?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

என் மேல் இப்படி நம்பிக்கை வைத்திருக்கிற ஒருத்தியை அதே படகில் ஏற்றுவது எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளைக் காலை ஏழரைக்கு பஸ்.