வலிக்காத கால்

எனக்குப் பத்து வயதில் டெங்கு வந்தபோது வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாக வைத்தியம் பார்த்தார்கள். அப்பா ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வராந்தாவிலேயே பாய் விரித்துக்கொண்டார். அம்மா பப்பாளி இலையை இடித்துச் சாறெடுத்து, டாக்டர் அந்தப் பக்கம் போன நேரமாகப் பார்த்து என் வாயில் ஊற்றினார். அத்தை பனியன் துணியில் ஒரு துண்டை மஞ்சளில் நனைத்து, அதில் ஒற்றை ரூபாயை முடிந்து சாமி படத்தின் ஆணியில் கட்டினார். குழந்தை பிழைத்தால் அவளையும் கூட்டிக்கொண்டு பழனிக்கு நடந்தே வருகிறேன் என்பது வேண்டுதல். நான் பிழைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியையும் பப்பாளியையும் சீக்கிரமே மறந்துவிட்டோம். முருகனை அப்படி மறக்க அத்தை விடவில்லை. தைப்பூசம் வரட்டும் என்று காத்திருந்தார்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அப்பாவைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். அப்போது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். கணவர் இறந்தபின் எங்களோடுதான் இருந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. அந்த இடத்தில் முதலில் அப்பா இருந்தார், பிறகு நான் வந்தேன். வீரபாண்டியில் எங்கள் தெருவிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு பனியன் கம்பெனியில் அவருக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியன்களை மேஜைமேல் விரித்து ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஒதுக்க வேண்டும். காலையில் மேஜைக்கு முன்னால் நின்றால் சாயங்காலம் வரை நின்றபடிதான். ஊசிமுனை ஓட்டையும் இந்த அம்மாள் கண்ணுக்குத் தப்பாது என்று சூப்பர்வைசரே சொல்வாராம். அதை மட்டும் அத்தை வாரம் ஒருமுறையாவது எங்களிடம் சொல்லிவிடுவார்.

அத்தைக்குச் சர்க்கரை நோய் இருந்தது. பதினைந்து வருடமாக இருந்ததால் அது ஒரு நோய் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அத்தையின் காப்பியில் இனிப்புப் போடக் கூடாது, அவ்வளவுதான். முற்றினால் கண் கெடும், கிட்னி கெடும் என்று அரசல்புரசலாகத் தெரியும். எலும்பைப் பற்றி யாரும் சொன்னதில்லை. நடக்கும்போது அத்தையின் செருப்பு காலைவிட்டுக் கழன்றுவிடும். அதுகூடத் தெரியாமல் அவர் பத்தடி போய்விடுவார். பின்னால் வரும் நான் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். "அட, எப்பக் கழண்டுச்சு கண்ணு?" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். வயதாகிவிட்டது, மறதி என்று நினைத்துக்கொண்டோம்.

தைப்பூசத்துக்கு எங்கள் தெருவிலிருந்து வருடந்தோறும் ஒரு குழு போகும். எல்லோரும் குருசாமி என்று அழைக்கிற ஒரு பெரியவர்தான் அதற்குத் தலைவர். மூட்டை முடிச்சுகளையும் சமையல் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு வேன் கூடவே வரும். அப்பா கம்பெனியில் அந்த வாரம் ஷிப்மென்ட், தம்பி கைக்குழந்தை. அதனால் அப்பாவும் அம்மாவும் கடைசி நாள் பஸ்ஸில் வந்து எங்களை மலையடிவாரத்தில் பார்ப்பதாக ஏற்பாடு. கிளம்பும்போது அப்பா, "அக்கா, முடியலீன்னா பேசாம வேன்ல ஏறிக்கோங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது" என்றார். வேனில் போவதற்கு எதற்கு நேர்ந்துகொள்வது என்று அத்தை திருப்பிக் கேட்டார். ஆனால் என் விஷயத்தில் அவ்வளவு கறார் இல்லை. நான் கால் வலிக்கிறது என்று சிணுங்கினால் உடனே வேனில் ஏற்றிவிட்டார். குழந்தை ஏறினால் முருகன் பார்த்தும் பார்க்காதமாதிரி இருந்துகொள்வானாம். முருகனும் குழந்தைதானே என்று அதற்கு ஒரு நியாயம் வேறு.

முதல் நாள் மத்தியானம் கொடுவாய் ஊரைத் தாண்டியதும் அது நடந்தது. பின்னால் ஒரு லாரி வந்ததால் எல்லோரும் சாலையோரம் ஒதுங்கினோம். அங்கே ஒரு சின்னப் பாலம். அதன் விளிம்பில் வைத்த அத்தையின் வலது கால் புரண்டது. மளுக்கென்று ஒரு சத்தம் வந்தது. காய்ந்த சுள்ளியை ஒடித்தால் வருமே, அந்தச் சத்தம். லாரி இரைச்சலில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை; கையைப் பிடித்துக்கொண்டு வந்த எனக்குக் கேட்டது. அத்தை ஒரு நிமிஷம் நின்று குனிந்து பார்த்தார். வெறுங்கால், அதில் ஒரு கீறல்கூட இல்லை. "ஒண்ணுமில்ல சாமி, நட" என்றார். நடந்தோம்.

மறுநாள் எல்லோரும் முனகத் தொடங்கியிருந்தார்கள். கல்லூரி படிக்கிற பையன்கள் தைலத்தை மாற்றி மாற்றித் தேய்த்துக்கொண்டார்கள். காற்றாலைகள் நிற்கிற அந்த வெட்டவெளியில் வெயில் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. அத்தை மட்டும் கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து, ஆனால் நிற்காமல் நடந்தார். குருசாமி அவரைக் காட்டி மற்றவர்களைக் கடிந்துகொண்டார்: "அந்தம்மாளைப் பாருங்கப்பா. இந்த வயசுல ஒரு வார்த்தை மொனகறாங்களா?" எனக்குப் பெருமை தாங்கவில்லை. இது என் அத்தை என்று எல்லோருக்கும் தெரியும்படி அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

தாராபுரத்தில் அமராவதி ஆற்றில் கால் கழுவ இறங்கினோம். அத்தை மற்றப் பெண்களைவிட்டுத் தள்ளிப்போய் ஒரு கல்லில் உட்கார்ந்தார். அப்போதுதான் அந்தக் காலைச் சரியாகப் பார்த்தேன். கணுக்காலுக்குக் கீழே வீங்கிச் சிவந்து தோல் மினுமினுத்தது. தொட்டுப் பார்த்தேன். எனக்குக் காய்ச்சல் அடித்தபோது என் நெற்றி கொதித்தது என்று அம்மா சொல்லியிருந்தார்; இப்படித்தான் கொதித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"வலிக்கலீங்களா அத்தை?"

"வலிச்சா நடக்க முடியுமா கண்ணு? முருகன் வலிய எடுத்துக்கிட்டான்."

அத்தை அதைச் சமாளிப்பதற்காகச் சொல்லவில்லை. முழுக்க நம்பித்தான் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு இருந்தது. பையிலிருந்து பனியன் துணியை எடுத்துக் கிழித்துக் காலைச் சுற்றிக் கட்டினார். யாராவது கேட்டால் கொப்புளம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். பிறகு என் கன்னத்தைத் தடவி, "அப்பங்கிட்டச் சொல்லிப்போடாத சாமி. வேன்ல ஏத்திப்போடுவாங்க. உம்பேருல வெச்ச வேண்டுதல், பாதில நிக்கப்படாது" என்றார்.

நான் சொல்லவில்லை. அத்தைமேல் இருந்த பாசத்தால்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று இங்கே எழுதிவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் அது உண்மையில்லை. எனக்குப் பயம். வேண்டுதல் பாதியில் நின்றால் காய்ச்சல் திரும்ப வரும், திரும்ப ஊசி குத்துவார்கள், இந்தத் தடவை நான் செத்துப்போவேன் என்று அந்தக் கல்லின் பக்கத்தில் நின்றபடியே முடிவுகட்டிவிட்டேன். அத்தையின் காலா என் உயிரா என்று என்னை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் நான் பதில் சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பழனி அடிவாரத்தில் அப்பா துணிக்கட்டைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். கொப்புளம் என்றார் அத்தை. அப்பா என்னைப் பார்த்தார். நானும் கொப்புளம் என்று தலையாட்டினேன். மலைமேல் இழுத்துப்போகிற விஞ்சில் போகலாம் என்று அப்பா கெஞ்சிப் பார்த்தும் அத்தை கேட்கவில்லை. ஒரு கை கைப்பிடிச் சுவரில், ஒரு கை என் தோளில். ஒவ்வொரு படியிலும் இடது காலை முதலில் வைத்து, வலது காலை இழுத்துச் சேர்த்தார். உச்சியை எட்டுமுன் என் தோள் கன்றிப்போய்விட்டது. சன்னதியில் எல்லோரும் அரோகரா சொன்னபோது அத்தை அழுதார். நான் அழவில்லை. இனிமேல் காய்ச்சல் வராது என்று நிம்மதியாக இருந்தது.

ஊருக்கு வந்தபின்னும் அத்தை வேலைக்குப் போனார். கட்டைப் பார்த்துக் கேட்டவர்களுக்கு, முதலில் கொப்புளம் ஆறவில்லை என்றார்; பிறகு சுளுக்கு என்றார். இரண்டு வாரம் எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டார். ஒரு நாள் காலையில் அவர் குளித்துவிட்டு வந்தபின், சிமெண்டுத் தரையில் இருந்த ஈரக்கால் தடத்தை அம்மா பார்த்தார். இடது கால் தடம் எல்லோருடையதையும் போல நடுவில் வளைந்து இருந்தது. வலது கால் தடத்தில் அந்த வளைவே இல்லை. உள்ளங்கால் குழி இருக்க வேண்டிய இடம் பிதுங்கித் தரையில் முழுதாகப் பதிந்திருந்தது. கணவனின் அக்காவை எங்கள் பக்கத்தில் நங்கையா என்று கூப்பிடுவார்கள். "நங்கையா, உங்க காலக் காட்டுங்க" என்று அம்மா போட்ட சத்தத்தில் தம்பி எழுந்து அழுதான்.

ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் ஒரு பெண். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் அத்தையைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் நரம்பு ஒன்றால் உள்ளங்காலை ஒவ்வொரு இடமாகத் தொட்டார். தொடும்போது சொல்லுங்கள் என்றார். அவர் தொட்டுக்கொண்டே இருந்தார். அத்தை ஒன்றும் சொல்லாமல், இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக் காத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க முடியாமல் அப்பா திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

பாதத்தில் பல எலும்புகள் உடைந்தும் இடம் மாறியும் இருந்தன. டாக்டர் அப்பாவிடம் பொறுமையாகச் சொன்னார்: "இந்த வயசுல பொம்பளைங்களுக்கு எலும்பு பலம் குறையும். இத்தனை வருஷச் சர்க்கரையும் சேர்ந்தா இன்னும் சீக்கிரம் உடையும். உடைஞ்சா வலிக்கணும். அந்த வலியச் சொல்ற நரம்பு இவங்களுக்கு மரத்துப் போச்சு. வலி இருந்திருந்தா மொத நாளே உக்காந்திருப்பாங்க, காலும் தப்பிச்சிருக்கும்." பிறகு அத்தையிடம் கேட்டார், "எப்பம்மா அடிபட்டுச்சு?"

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நாலு நாளாச்சுங்க. பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டேன்."

நாலு நாளில் கால் இப்படி ஆகாதே என்றார் டாக்டர். இல்லீங்க, நாலு நாளுதானுங்க என்று அத்தை சாதித்தார். முன்னால் கட்டியிருந்தது வெறும் சுளுக்குக்கு, வீக்கம் எல்லாம் விழுந்த பிறகுதான் என்றார். அப்பாவும் அம்மாவும் நம்பினார்கள். கூசாமல் பொய் சொல்கிற ஆள் இல்லை அத்தை. நானோ, அப்பாவின் திட்டுக்குப் பயந்து சொல்கிறார், அதில் நானும் தப்பித்தேன் என்று நினைத்து மூச்சுவிட்டேன்.

மாவுக்கட்டு மாதக்கணக்கில் இருந்தது. பிரித்தபின்னும் கால் பழையபடி ஆகவில்லை. அதற்கென்று அளவெடுத்துச் செய்த பூட்ஸ் இல்லாமல் அத்தையால் வாசல்வரைகூடப் போக முடியாது. நின்று பார்க்கிற செக்கிங் வேலை அத்தோடு போயிற்று. வீட்டுக்கு மூட்டையாக வந்து இறங்கும் பனியன்களில் உட்கார்ந்தபடி நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். ஊசிமுனை ஓட்டையைப் பற்றிய பேச்சை அதற்கப்புறம் நாங்கள் கேட்கவில்லை.

பழனி நடைக்கு எங்களோடு வந்திருந்த ஒரு பெண்மணி அத்தையைப் பார்க்க வந்தார். என் தலையைத் தடவிக்கொண்டே, "இந்தப் புள்ளைக்கோசரம் நடந்தீங்களே, அதுலதான் காலு..." என்று ஆரம்பித்தார். அத்தை சட்டென்று குறுக்கிட்டார். "புள்ளைய வெச்சுக்கிட்டு அப்படியெல்லாம் பேசாதீங்க. நான் பாத்ரூம்ல உழுந்தேன்." யாரிடமும் அத்தை அவ்வளவு கோபமாகப் பேசி நான் பார்த்ததில்லை. உடம்பு சரியில்லாததால் வந்த எரிச்சல் என்று அம்மா பிறகு சமாதானம் சொன்னார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

இவளுக்காகப் போன கால் என்று ஒருவர் வாயிலிருந்தும் நான் கேட்டுவிடக் கூடாது, அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டு நான் வளரக் கூடாது என்பதற்காகத்தான் அத்தை அந்தப் பொய்யைச் சொன்னார் என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. புரிந்தபோது அத்தை இல்லை. கடைசிவரை அவர் அதை மாற்றிச் சொல்லவும் இல்லை.

அப்பாதான் பாவம், வழவழப்பான தரை போட்டு அக்காவை விழவைத்துவிட்டோமே என்று மருகிக்கொண்டே இருந்தார். மாவுக்கட்டு பிரிப்பதற்குள் ஆள் வைத்துக் குளியலறைத் தரையை உடைத்து, வழுக்காத சொரசொரப்பான டைல்ஸ் போட்டார். ஆட்கள் உடைக்கிறபோது அத்தை கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். நானும் பேசாமல் இருந்தேன். அந்தப் புதுத் தரையில் முதல் ஆளாக நின்று குளித்தது நான்தான்.