கருவிப் பெட்டியில் உறைந்த தயிர்

நாரின் நகரத்துக்குப் பக்கத்து சிமெண்டு ஆலையில் சூளைப் புகையை அளக்கும் கருவி மக்கர் செய்தால், அனார்குல்லைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வசவு கருவியைவிடச் சூடு.

அன்று இரண்டு சிவப்பு விளக்குகள் எரிந்தன. ஒன்று கரண்ட் குறைந்ததற்கு, மற்றது கருவிப் பெட்டிக்குள் சூடு ஏறியதற்கு. கருவியின் பிளக் பாயிண்டிலேயே யாரோ டீ கெட்டிலையும் செருகியிருந்தார்கள். அதைப் பிடுங்கினாள். ஒரு விளக்கு அணைந்தது.

மற்றது அணையவில்லை. பெட்டியைத் திறந்தால், உள்ளே ஃபேனை அடைத்துக்கொண்டு சால்வை சுற்றிய பால் பாத்திரம்.

"யாரு வேலைடா இது?"

"குளிருக்கு வீட்டுல தயிர் உறையவே மாட்டேங்குதுக்கா," என்று தலையைச் சொறிந்தான் சூளைக்காரன் தோலோகோன்.

அவள் ஒரு விரல் தொட்டு நக்கினாள். கெட்டியான தயிர்.

"மடையா, ஃபேனையா அடைப்பாங்க? என்னோடத எங்க வச்சிருக்கேன் பாரு, பெட்டிக்கு மேல!"