கோர்ட்டில் பின்னிய சடை

அப்பா இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டதும் அம்மா மம்சாபுரத்தில் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். என்னை மட்டும் ராஜபாளையத்தில் அப்பா வீட்டார் பிடித்து வைத்துக்கொண்டார்கள். எனக்கு அப்போது ஆறு வயது. பெண் மேல் தகப்பனுக்கு அவ்வளவு பாசம் என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். பாசமாவது மண்ணாவது! அம்மாவைத் தோற்கடிக்க அவர்கள் கையில் இருந்தது நான் ஒருத்திதான்.

அம்மா விடவில்லை. என்னைக் கேட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் மனுப் போட்டாள். வழக்கு முடியும்வரை மாதம் ஒரு சனிக்கிழமை, கோர்ட்டுத் தாழ்வாரத்தில், ஒரு குமாஸ்தா முன்னிலையில் அவள் என்னைப் பார்க்கலாம் என்று உத்தரவானது. பெற்ற பிள்ளையைப் பார்க்க நாற்காலி போட்டு ஒரு காவல்!

என்னை பஸ்ஸில் கூட்டிப்போவது அப்பாவின் அக்கா. முதல் தடவை அம்மாவைக் கண்டதும் மடியில் விழுந்து அழுதேன். அம்மாவும் அழுதாள். உடனே அப்பாவின் வக்கீல், தாயைப் பார்த்தால் குழந்தைக்குச் சித்தம் கலங்குகிறது, இதை நிறுத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். ஜட்ஜு பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைத்தார். அத்தைக்கு ஒரே குஷி. அடுத்த முறை பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, "ஏட்டி, நல்லா அழு. மனசுல வச்சுப் புழுங்காத" என்றாள். எவ்வளவு கரிசனம் பாருங்கள்!

அம்மா என் காதோடு வேறு மாதிரி சொன்னாள். "தாயி, நீ அழுதா இனிமே நம்மளப் பாத்துக்கிட விடமாட்டாவ. எம் மொகத்தப் பாத்தாத்தான அழுக வருது? பாக்காத. அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

திரும்பி உட்கார்ந்தேன். அம்மா என் சடையை அவிழ்க்க ஆரம்பித்தாள். அத்தை காலையில்தான் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிவிட்டிருப்பாள். அம்மா அதை அவிழ்த்து, சிக்கே இல்லாத தலையில் சிக்கெடுத்து, செத்த நேரம் பின்னிவிட்டு, சரியில்லை என்று மறுபடி அவிழ்ப்பாள். அவள் விரல் பிடரியில் படும்போதெல்லாம் எனக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றும். பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்ச் சுவரையே பார்ப்பேன். சிரித்தால் வீட்டில் அத்தையிடம் அடி விழும், அழுதால் அம்மாவே இல்லை. அந்த வயதில் என்னை அப்படிக் கட்டிப்போட்டிருந்தார்கள். மாதாமாதம் இதே கதைதான்.

கடைசியில் குமாஸ்தாவைக் கூண்டில் ஏற்றி விசாரித்தார்கள். நான் வெளியே பெஞ்சில் அத்தை பிடியில் இருந்தேன். உள்ளே நடந்தது, நான் வளர்ந்த பிறகு அம்மாவின் தம்பி சொல்லித்தான் தெரியும்.

"பிள்ளை தாயாரைக் கண்டு அழுகிறாளா?" என்று அப்பாவின் வக்கீல் கேட்டிருக்கிறார்.

"மொதத் தடவ அழுதா. பொறவு அழுததில்லய்யா."

"தாயார் முகத்தைப் பார்ப்பாளா?"

"இல்லய்யா. முதுகக் காட்டித்தான் உக்காந்திருப்பா. தல பின்னிக்கிட்டு…"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்."

குமாஸ்தா சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. அழுதபோது சித்தம் கலங்குகிறது என்ற அதே வக்கீல், அழாதபோது ஒட்டுதல் இல்லை என்றார். ஜட்ஜும் அதையே இங்கிலீஷில் எழுதிப் படித்துவிட்டார். பிள்ளைக்குத் தாயிடம் ஒட்டுதல் இல்லை, தகப்பன் வீட்டிலேயே வளரட்டும், இனிச் சந்திப்புத் தேவையில்லை.

அம்மா தாழ்வாரத்துக்கு வந்தாள். எனக்கு என்ன தெரியும்? எங்கள் நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். நானே ரிப்பனை உருவி, சடையைப் பாதி அவிழ்த்து, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். ஒரு பொட்டுக் கண்ணீர் இல்லை. கெட்டிக்காரி என்பாள் என்று காத்திருந்தேன். தலையில் கை படவே இல்லை. பின்னால் அம்மா அழுகிற சத்தம் கேட்டது. அவள் சொல்லியிருந்தபடியே, அப்போதும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.