கதிருக்குக் கஷாயம்

பைப் பட்டறையில் அவளைப் படக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பற்றவைத்த குழாய்களின் மூட்டுக்குள் விரிசல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே போன்ற கதிரை ஊடுருவ விட்டுப் படம் எடுப்பது அவள் வேலை. மஞ்சள் பூசிய கனமான பெட்டி ஒன்று உண்டு. அதைக் கேமரா என்பார்கள். அதன் வயிற்றுக்குள் மிளகளவு உலோக மணி ஒன்று ஓயாமல் கதிரை உமிழ்ந்துகொண்டிருக்கும். தள்ளி நின்று கைப்பிடியைச் சுற்றினால், கம்பியின் நுனியில் மணி ஒரு குழல் வழியே போய் மூட்டருகே நிற்கும். மறுபக்கம் ஒட்டிய பிலிமில் படம் விழுந்ததும் திரும்பச் சுற்றி உள்ளே இழுத்துவிட வேண்டும். மணி உள்ளே வந்துவிட்டதா என்பது கண்ணுக்குத் தெரியாது. கதிரை அளக்கும் மீட்டர்தான் சொல்லும்.

படக்காரியின் கண்ணிலிருந்து மயிரிழை விரிசல்கூடத் தப்பாது. வெல்டர்கள் அவள் பிலிமைத் தூக்கி விளக்கில் பார்க்கும்போதே வேறு பக்கம் நழுவுவார்கள். "எங்க மாமியார்கூட இவ்வளவு குத்தம் கண்டுபிடிச்சதில்ல" என்று மூத்த வெல்டர் தலையில் அடித்துக்கொள்வார். அவள் சிரித்துக்கொண்டே சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவாள்.

கம்பெனி அவளுடைய அக்கா புருஷனுடையது. அவரை மாமா என்று கூப்பிடுவாள். மனிதர் பேச்சில் மன்னன். பட்டறைக் கொட்டகைக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து போனிலேயே வேலை பிடித்துவிடுவார். அக்காதான் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டாள். புருஷன் வாயிலிருந்து எது வந்தாலும் அக்காவுக்கு அதுதான் வேதம்.

ஒருநாள் மாமா எங்கோ ஒரு ஆராய்ச்சிச் செய்தியைப் படித்துவிட்டார். எலிகளுக்குச் செடிச் சாறுகளைக் கொடுத்துவிட்டுக் கதிரைக் காட்டினார்களாம். சாறு குடித்த எலிகள் மற்றவற்றைவிடக் கூடுதலாகப் பிழைத்தனவாம். மறுவாரமே பச்சைத் தேயிலை, திராட்சை விதை, இன்னும் என்னென்னவோ இலைகள் எல்லாம் பொடியாகி டப்பாவில் வந்து இறங்கின. வேலைக்குப் போகும் முன் ஆளுக்கு ஒரு டம்ளர் கஷாயம்.

"கதிர் உடம்புக்குள்ள பூந்து துருப்பிடிக்க வைக்குது. இந்த ஆன்டிஆக்சிடன்ட் இருக்கு பாருங்க, அது துருவைத் துடைச்சு எடுத்திடும்" என்றார் மாமா.

கசப்பு நாக்கை இழுத்தது. ஆனாலும் குடித்தார்கள். கெடுதல் ஒன்றுமில்லையே என்று படக்காரியும் குடித்தாள். கெடுதல் வேறு வழியில் வந்தது. மீட்டர் பழுதானபோது அவள் கண்ணாடி அறைக்குப் போய்ச் சொன்னாள்.

"அனுப்பிச்சு சரி பண்ணலாம்மா, என்ன அவசரம்? அதான் மருந்து குடிக்கிறீங்கல்ல."

"மீட்டர் இல்லாம கண்ணைக் கட்டிக்கிட்டு வேலை பாக்கற மாதிரி இருக்கு மாமா."

"இத்தனை வருஷப் பழக்கம். உனக்குத் தெரியாததா?"

அக்காவும் பக்கத்தில் நின்று, "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும், போ" என்றாள். படக்காரி போனாள். அந்த வாரத்திலேயே மணி கம்பியிலிருந்து கழன்று குழலுக்குள்ளேயே தங்கிவிட்டது. கைப்பிடி முழுச் சுற்றும் வந்து நின்றதால் மணி உள்ளே போய்விட்டதென்று நினைத்து, குழலைக் கையால் பிடித்துக் கழற்றினாள். ஒரு சூடு இல்லை, ஒரு சுருக்கென்ற வலி இல்லை. குழலைத் தட்டிப் பார்த்த வெல்டர்தான் உள்ளே ஏதோ உருள்கிறது என்றார். அவள் அதைப் போட்டுவிட்டு, எல்லோரையும் வெளியே விரட்டினாள்.

நாட்கள் கழித்து விரல்கள் சிவந்தன. பிறகு கொதிநீர் பட்டதுபோல் கொப்புளித்தன. பிறகு கறுத்தன. மருத்துவமனையில் வலது கையின் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கட்டு மாற்ற வந்த டாக்டரம்மாவிடம் கஷாயத்தைப் பற்றிக் கேட்டாள்.

"எலிகிட்ட சில செடிச் சாறு கொஞ்சம் உதவியிருக்கு, அது பொய் இல்ல. ஆனா மனுஷனைக் காப்பாத்தும்னு யாரும் நிரூபிக்கல. அப்படியே கொஞ்சம் உதவினாலும், கையில பிடிச்ச நெருப்பை அது அணைக்காதும்மா. விலகி நிக்கணும், நடுவுல தடுப்பு வேணும், மீட்டர் வேணும். புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை எடுக்கிறவங்க இதை அள்ளிக் குடிச்சா நோயையும் சேர்த்துக் காப்பாத்திடுமோன்னு எங்களுக்கே பயம் இருக்கு."

படக்காரி கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மாமா வந்து பார்ப்பார், ஒரு வார்த்தை தப்பு என்பார் என்று எதிர்பார்த்தாள். மாமா வந்தார். கூடவே போட்டோ எடுக்கிறவரும் வந்தார்.

"இவ்வளவு கதிர் பட்டும் ரெண்டு விரலோட போச்சுன்னா அது எதனால? நம்ம கஷாயத்தால. இல்லன்னா உயிரே போயிருக்கும்!" என்று மாமா கட்டிலருகே நின்று சொன்னார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

விசாரணைக்கு வந்தவர்களிடம் அவள் விதியை மீறிக் கை வைத்துவிட்டாள் என்று எழுதிக் கொடுத்ததும் மாமாதான். கம்பெனி ஒரு எச்சரிக்கையோடு தப்பியது. பொடி டப்பாவின் மேல் விரல் போன அவளுடைய கையின் படம் அச்சானது. எக்ஸ்ரே எடுக்கும் இடங்களுக்கும், கதிர் சிகிச்சைக்குப் போகிறவர்களின் வீடுகளுக்கும் டப்பாக்கள் போயின.

அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் கத்தவில்லை. கத்தியிருந்தால் வலியில் உளறுகிறாள் என்று மாமா இரண்டே வார்த்தையில் ஊரை நம்ப வைத்திருப்பார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மாமா பொடி விற்கும் கூட்டங்களுக்கெல்லாம் கூடவே போனாள். மேடையில் கையைத் தூக்கிக் காட்டினாள். "வெக்கம் கெட்டவ, வித்துப் பிழைக்கிறா" என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். மூத்த வெல்டர் முகம் கொடுத்துப் பேசுவதையே விட்டார். எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு அவள் ஒரு கூட்டத்துக்காகக் காத்திருந்தாள்.

அது வந்தது. பெரிய பெரிய ஆலைகளுக்குப் பொறுப்பான அதிகாரிகள் சிலர் தங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அந்தப் பொடியைக் கொடுப்பதாக இருந்தார்கள். கம்பெனி மாடியில் ஏற்பாடு. மாமாவும் அக்காவும் புதுத் துணி உடுத்தி வாசலுக்கும் மாடிக்கும் அலைந்தார்கள். கீழே தேநீர் கொடுக்கிற சாக்கில் படக்காரி விருந்தாளிகளிடம் போனாள்.

"மேல ஒரு கேமராப் பெட்டி கொண்டாருவேன். அது பழகறதுக்கு வச்சிருக்கற வெறும் பெட்டி, உள்ள ஒண்ணும் கிடையாது. நீங்களே திறந்து பாத்துக்குங்க. நான் என்ன பேசினாலும் பயப்படாம உக்காந்திருங்க. எங்க மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அவர்கள் திறந்து பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சரி என்றார்கள். அக்காவிடம் அவள் சொல்லவில்லை. அக்காவிடம் சொல்வதும் மாமாவிடம் சொல்வதும் ஒன்றுதான்.

மாடியில் மாமா முழங்கி முடித்தார். படக்காரி ஒரு டம்ளர் கஷாயத்தை அவர் கையிலும் இன்னொன்றை அக்கா கையிலும் கொடுத்தாள். இருவரும் குடித்தார்கள். விருந்தாளிகள் கைதட்டினார்கள். பிறகு அவள் மஞ்சள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, குழலின் முனையை அவர்கள் இருவர் நடுவில் மேசைமேல் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"செய்முறை விளக்கம் மாமா. மணி இப்ப வெளிய வரும். நான் பிடிச்ச மாதிரி நீங்களும் பிடிங்க. மருந்துதான் குடிச்சிட்டீங்களே."

அவள் கைப்பிடியைச் சுற்றினாள். குழலுக்குள் கம்பி கரகரவென்று ஓடியது. மாமா விருந்தாளிகளைப் பார்த்தார். அத்தனை பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"விளையாடாத. நிறுத்து."

"உங்க மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லன்னா எப்படி மாமா?"

இன்னொரு சுற்று. மாமா எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. தலைதெறிக்க ஓடிப் படிக்கட்டுச் சுவருக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டார். "மூடு! மூடித் தொலை! எல்லாரும் செத்துருவோம்!" என்று அங்கிருந்து அலறினார்.

அக்கா எழவில்லை. குழலின் முனைக்கு ஒரு முழம் தள்ளி, மடியில் கையை வைத்துக்கொண்டு, புருஷன் ஓடிய திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளை இழுக்கவும் இல்லை, பேர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை.

"வெறும் பெட்டிக்கா" என்றாள் படக்காரி.

அதிகாரிகள் எழுந்து படியிறங்கினார்கள். குந்தியிருந்த மாமாவைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. கதை பரவ நேரம் ஆகவில்லை. மூத்த வெல்டர் முன்வந்து, மீட்டர் இல்லாமல் வேலை நடந்ததை விசாரணைக்காரர்களிடம் சொன்னார். உரிமம் போனது. டப்பாக்கள் திரும்பி வந்து மாடி முழுக்க நிறைந்தன. அவள் சாட்சி சொல்லப் போன அன்று கோர்ட் வாசலில் மாமா அவளைப் பார்த்து, "குடும்பத்தையே அழிச்சிட்டியே" என்றார்.

"இன்னும் பாக்கி இருக்கு" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல்.

உண்மையாகவே பாக்கி இருந்தது. டப்பாவை நம்பிக் குடித்த நோயாளிகளின் வீடுகளைத் தேடிப் போய், அதைக் குடித்ததை டாக்டரிடம் சொல்லச் சொன்னாள். வழக்குப் போட வந்தவர்களுக்குத் துணை நின்றாள். மாமா எந்த ஊரில் எந்தப் பேரில் புதிதாக எதை விற்க ஆரம்பித்தாலும் அவளுடைய அந்தக் கை அங்கே போய் நின்றது.

அக்கா அவரை விட்டு வந்துவிட்டாள். ஆனால் தங்கை வீட்டுக்கு வரவில்லை. தனியாக ஒரு அறை எடுத்துக்கொண்டாள். படக்காரி தேடிப் போனபோது கதவை முழுசாகத் திறக்காமலே பேசினாள்.

"அவரை நீ என்ன வேணா பண்ணு, நான் கேக்க மாட்டேன். என்னை எதுக்குடி அந்த நாற்காலியில உக்கார வச்ச?"

"நீ உக்காந்திருந்ததாலதான்க்கா அவர் யாருன்னு தெரிஞ்சுது."

"எனக்கு உள்ள எப்படி இருந்துச்சு தெரியுமா? செத்துட்டேன்னே நினைச்சேன்."

"ஆஸ்பத்திரியில கிடந்தப்ப எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நீ பக்கத்துலதான் நின்ன. தலையாட்டின."

அக்கா அவள் கையைப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். படக்காரி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. படியிறங்கிப் போய், அடுத்த வழக்குக்காரர் வீட்டுக்கு எந்த பஸ் போகும் என்று விசாரித்தாள்.