ஒன்பது படங்களுக்கு ஒன்பது மாலைகள்

அஞ்சலாட்சி அக்காவுக்கு வெள்ளைக்காரர்களின் முகம் மனப்பாடம். நானாகச் சொல்லவில்லை, அவரே சொல்வார், கேட்காமலேயே சொல்வார். வீராம்பட்டினத்திலிருந்து கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து, கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுக்காரர் தெருக்களில் பத்து வருஷம் மீன் விற்றவர். பிரெஞ்சில் வணக்கத்துக்கு 'போன்ழூர்', நன்றிக்கு 'மெர்சி' தவிர ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் வியாபாரம் ஒருநாளும் நின்றதில்லை.

"உதட்டப் பிதுக்கி ஊதுனா தெரியாதுன்னு அர்த்தம் தம்பி. தோளத் தூக்குனா எனக்கு என்னா வந்துச்சுன்னு அர்த்தம். கட்டவிரலையும் பக்கத்து விரலையும் நீட்டுனா ரெண்டு மீனு. மொதல்ல துப்பாக்கி காட்றாங்கன்னு நெனச்சி ஓடிட்டேன்" என்பார்.

அவர் சந்தித்த ஒரே நஷ்டம் தலையாட்டலில் வந்தது. "மீன் இன்றைக்குப் பிடித்ததா" என்று ஒரு பிரெஞ்சு அம்மாள் சாடையில் கேட்க, அக்கா நம் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் சாய்த்து ஆமாம் என்றிருக்கிறார். அந்த அம்மாள் அதை இல்லை என்று எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். அன்றிலிருந்து வெள்ளைக்காரர்கள் முன்னால் மட்டும் அக்கா மாடு தண்ணீர் குடிப்பதுபோல் மேலும் கீழுமாகத் தலையாட்டுவார். பதினோரு வருஷத்துக்கு முன் கூடையை இறக்கிவைத்துவிட்டு, அதே தெருவில் ஒரு கண்காட்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கூட்டுவது, பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் விடுவது, கதவைத் திறந்து மூடுவது எல்லாம் அவர்தான். நான் அங்கே மொழிபெயர்ப்பாளன். பெயர் செல்வகுமார், வீடு உப்பளத்தில். இந்தக் கதையில் நடந்த கோளாறில் என் பங்கும் உண்டு என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போன வருஷம் மிரேய் என்ற புகைப்படக்காரர் பிரான்சிலிருந்து வந்தார். நாற்பது வயது இருக்கும், எப்போதும் கறுப்புச் சட்டை. எங்கள் ஊர் வழக்கப்படி அவரை மதாம் என்றே அழைத்தோம். வந்த முதல் நாள் வரவேற்பதற்காக அக்கா வாசலில் ஒரு மஞ்சள் சாமந்தித் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார். மதாம் அதைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போய் உள்ளே போய்விட்டார். பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவர்கள் நாட்டில் சாமந்தியைக் கல்லறையில்தான் வைப்பார்களாம். நான் போய் அக்காவிடம் சொன்னேன்.

"அடப் பாவமே. அம்மன் கழுத்துல போடுற பூவாச்சே" என்று சொல்லிக்கொண்டே அக்கா தொட்டியைத் தூக்கிப் பின்கட்டுக் கிணற்றடியில் வைத்தார். மதாம் கண்ணில் அது மறுபடி படாமல் பார்த்துக்கொண்டார்.

மதாமுக்கு மீனவர்களைப் படமெடுக்க ஆசை. அக்காதான் வீராம்பட்டினத்துக்கு அழைத்துப் போனார். ஒன்பது பேரைச் சம்மதிக்க வைத்தார். எட்டுப் பேர் வேட்டியை மாற்றிக்கொண்டு, தலை சீவி, தேர்தல் வேட்பாளர் மாதிரி விறைப்பாக வந்து நின்றார்கள். ஒன்பதாவது ஆள் கன்னியப்பனுக்குத்தான் சிக்கல். கன்னியப்பனுக்கு இல்லை, அவர் மனைவி தனக்கொடிக்கு.

தனக்கொடி அக்காவுக்கு நாத்தனார். முந்தின வருஷம் கன்னியப்பன் போன படகு எஞ்சின் பழுதாகி நாலு நாள் கடலில் அலைந்தது. மூன்றாம் நாளே ஊர் கைவிட்டுவிட்டது. பெண்கள் கூடி மாரடித்து அழுதார்கள், அக்காவும் அழுதார். யாரோ ஒரு அவசரக்காரர் கன்னியப்பனின் ரேஷன் கார்டுப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலையோடு கொண்டுவந்து நீட்டினார். தனக்கொடி அதைப் பிடுங்கித் தெருவில் வீசினார். மறுநாள் காலை கன்னியப்பன், உதடெல்லாம் வெடித்து, நாகப்பட்டினத்துப் படகு ஒன்றில் உயிரோடு கரைக்கு வந்தார். அதிலிருந்து அந்த வீட்டில் படம் என்ற பேச்சே கிடையாது.

"அண்ணி, அவரு படம் மட்டும் வேணாம். எனக்கு நெஞ்சு பதறுது" என்றார் தனக்கொடி.

"ஒரு கெட்டதும் வராது. நான் காவலு. என் தலமேல அடிச்சி சொல்றேன்" என்று அக்கா உண்மையிலேயே உச்சந்தலையில் கைவைத்துச் சொன்னார். பக்கத்தில் நின்ற மதாம், அவருக்குத் தலைவலி என்று நினைத்து மாத்திரை எடுத்து நீட்டினார். அப்படித்தான் கன்னியப்பன் படம் எடுக்கப்பட்டது.

கண்காட்சி திறப்பு ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. ஒன்பது குடும்பத்தையும் வேனில் கூட்டிவரும் பொறுப்பு என்னுடையது. மூன்றரை மணிக்குக் கிளம்பினேன். கைபேசியைக் கூடத்து மேசையில் சார்ஜில் போட்டது போட்டபடி மறந்துவிட்டேன். என் புத்தியை எதால் அடிப்பது என்று இன்றும் தெரியவில்லை.

நாலு மணிக்கு அக்கா குளித்து, புடவை மாற்றி, பூ வைத்துக்கொண்டு பின்கட்டிலிருந்து கூடத்துக்குள் வந்தார். வந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். ஒன்பது படத்துக்கும் மாலை. பெரிய மார்க்கெட்டில் வாங்கிய ரோஜாவும் சம்பங்கியும் கட்டிய நல்ல கனமான மாலைகள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு அகல் விளக்கு. நடுவில் கன்னியப்பன், கழுத்து வரை மாலையோடு, அக்காவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதாமைக் குறைசொல்லிப் பயனில்லை. எட்டு மாதமாக மீனவர் வீடுகளுக்குப் போய்வந்தவர் அவர். எந்த வீட்டுக்குப் போனாலும் நல்ல இடத்தில் ஒரு படம், அதற்கு மாலை, அதன் கீழே விளக்கு. அந்த வீட்டில் எல்லாரையும்விட மரியாதை படத்தில் இருப்பவருக்குத்தான் என்று நினைத்துக்கொண்டார். அது சரிதானே. நம் ஊரில் ஒரு மனிதனுக்கு வீட்டில் மரியாதை கிடைப்பது செத்த பிறகுதான். அந்த ஒரு விவரத்தை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. தன் படங்களில் இருப்பவர்களுக்கும் அதே மரியாதையைத் தன் கையாலேயே செய்ய ஆசைப்பட்டு, ரகசியமாக வைத்திருந்து செய்துவிட்டார்.

அக்கா பாய்ந்து போய் ஒரு மாலையைக் கழற்றினார். மதாம் சிரித்துக்கொண்டே வந்து அதை வாங்கி, இன்னும் அழகாக, நேராகத் தொங்கவிட்டார். அக்கா என் கைபேசிக்கு அடித்தார். அது மேசையிலேயே பாடியது. மதாமின் போனில் மொழிபெயர்க்கும் வசதி இருந்தது. அக்கா அதன் முன்னால் பேசிய வேகத்துக்கு அது சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது. கண்ணை மூடி, நாக்கைத் தொங்கப்போட்டு, தலையைச் சாய்த்துச் செத்தவர் மாதிரி நடித்துக் காட்டினார். மதாம் ஓடிப்போய் நாற்காலியும் தண்ணீரும் கொண்டுவந்தார்.

பத்து வருஷம் சாடையிலேயே மீன் விற்ற அஞ்சலாட்சி அக்காவுக்கு அன்றைக்குத்தான் கை கால் ஓடவில்லை. சுவர்க் கடிகாரத்தில் நாலே கால். தனக்கொடி வந்து இதைப் பார்த்தால் என்ன ஆவாள்? தலையில் கைவைத்துச் சொன்ன சொல் என்ன ஆகும்? மதாமை மீறி எல்லாவற்றையும் பிய்த்துப் போடலாம். ஆனால் விஷயம் புரியாமல் மதாம் வேன் வந்தபின் மறுபடி எடுத்து மாட்டினால்?

அப்போது அவர் கண்ணில் பட்டது வாசல் விளம்பரத் தட்டி. அதில் மதாமின் படம் இருந்தது. அக்கா கன்னியப்பன் படத்திலிருந்து மாலையை எடுத்தார். கொண்டுபோய் மதாம் படத்துக்குப் போட்டார். கீழே ஒரு விளக்கையும் வைத்துவிட்டு, இப்போதாவது புரிகிறதா என்று பார்த்தார். மதாமுக்குக் கண் கலங்கிவிட்டது. நெஞ்சில் கைவைத்து "மெர்சி, மெர்சி" என்றார். படத்தின் பக்கத்தில் நின்று ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டார்.

சரி, இதற்குமேல் ஒரே வழிதான் என்று அக்கா தட்டியின் முன் தரையில் உட்கார்ந்தார். முடியை அவிழ்த்தார். மாரில் அடித்துக்கொண்டு மதாமுக்கு ஒப்பாரி வைத்தார்.

"கடல் தாண்டி வந்தவளே, கறுப்புச் சட்ட போட்டவளே, எட்டு மாசம் பழகிவிட்டு எங்கள விட்டுப் போனியே."

வேண்டுமென்றே தொடங்கியதுதான். ஆனால் ஒப்பாரியை நடிக்க முடியாது போலிருக்கிறது. நாலாவது அடியில் கன்னியப்பன் காணாமல் போன அந்த மூன்றாம் நாள் ஞாபகம் வந்துவிட்டது. அக்கா நிஜமாகவே அழுதார், கரைபுரண்டு அழுதார். மதாம் மெல்ல எதிரில் உட்கார்ந்து, அந்தப் பாட்டை முழுக்கக் கைபேசியில் பதிவு செய்தார்.

அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தார். முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனார். அங்கே எட்டு மாதமாக ஒளித்துவைத்த சாமந்தித் தொட்டி பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. அக்கா முகம் கழுவவில்லை. தொட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். மதாமின் படத்துக்குக் கீழே, மாலைக்கு நேர் கீழே, நங்கென்று வைத்தார்.

மதாம் சாமந்தியைப் பார்த்தார். அதற்கு மேலே இருந்த மாலையைப் பார்த்தார். அதற்குள் இருந்த தன் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பிக் கூடத்துச் சுவர்களைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் இல்லை. "நோ" என்று மட்டும் சொன்னார். அக்கா மாடு தண்ணீர் குடிப்பதுபோல் மேலும் கீழும் தலையாட்டினார்.

அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. ஒருவர் ஏணியைப் பிடிக்க, இன்னொருவர் கழற்ற, மாலைகளும் விளக்குகளும் ஒரு சாக்கில் போய்ப் பின்கட்டுக் கதவுக்குப் பின்னால் விழுந்தன. நான் ரயில்வே கேட்டில் மாட்டியதால் வேன் இருபது நிமிஷம் தாமதமாக வந்தது. என் வாழ்நாளில் நான் செய்த ஒரே உருப்படியான தாமதம் அதுதான்.

எல்லாரும் உள்ளே வந்து தங்கள் படத்தைத் தாங்களே பார்த்து வெட்கப்பட்டார்கள். எனக்கு எதுவும் தெரியாது. அக்காவும் மதாமும் அழுத கண்ணோடு நிற்பது மட்டும் தெரிந்தது. தனக்கொடி நேராகக் கணவர் படத்திடம் போனார். பிறகு சட்டத்தின் மேல்விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு ரோஜா இதழை இரண்டு விரலால் எடுத்தார்.

"அண்ணி, இது என்னா?"

அக்கா பொய் சொல்லத் தெரிந்தவர்தான், நானே பார்த்திருக்கிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை. நடந்தது நடந்தபடி, ஒன்று விடாமல், தலைகுனிந்து சொல்லிமுடித்தார். தனக்கொடி திரும்பிக் கணவரைப் பார்த்தார். கன்னியப்பன் பக்கத்து மேசையில் சமோசாவைத் தேங்காய் பிஸ்கட்டோடு சேர்த்துத் தின்றுகொண்டிருந்தார். தனக்கொடி அவரைக் கண் கொட்டாமல் பார்த்தார். மூச்சை இழுத்து விட்டார்.

"அவரு மால எங்க போச்சு?"

"மதாம் படத்துக்குப் போட்டேன். அவங்களுக்குப் புரியணுமே."

"என் வூட்டுக்காரரு மாலையத் தூக்கி இந்தப் பொண்ணு மேல போட்டியா?" தனக்கொடிக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "என்னா அண்ணி நீ. எனக்காவது நீ இருக்க, ஊரு இருக்குது. இது கண்காணாத தேசத்துலேர்ந்து ஒண்டியா வந்து நிக்குது. இதுக்குச் சுத்திப்போட யாரு இருக்கா?"

தனக்கொடி விறுவிறுவென்று மதாமிடம் போனார். திட்டப்போகிறார் என்றுதான் மதாமும் நினைத்திருக்க வேண்டும், அசையாமல் நின்றார். தனக்கொடி இரண்டு கையாலும் அவர் கன்னத்தை மேலிருந்து கீழாக வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து விரல்களை நெரித்தார். பத்து விரலிலும் சடசடவென்று நெட்டி முறிந்தது. அவ்வளவும் திருஷ்டி என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். மதாம் தன் ஊர் வழக்கப்படி, கன்னத்தைத் தொட்டால் முத்தம் கொடுக்க வருகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, கண்ணில் நீரோடு ஒரு கன்னத்தைத் திருப்பிக் காட்டினார்.

தனக்கொடி ஒரு கணம் விழித்தார். பிறகு, கேட்டதைக் கொடுப்போம் என்று, அந்தக் கன்னத்தை மறுபடி வழித்து இன்னொரு தடவை நெரித்தார்.