வாக்காளர் பட்டியலில் சின்னம்மா

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா வெளியேறுவதா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, வெம்பிளியில் எங்கள் வீட்டில் நான்கு பேர் இருந்தோம். இரண்டு பேருக்கு வாக்கு இருந்தது. இரண்டு பேருக்கு இல்லை. அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்து இந்த நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள். எனக்குப் பதினாறு வயதுதான் ஆகியிருந்தது. அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்தார்.

சின்னம்மா அகதியாக இறங்கியது பாரிஸில். அங்கே அலுவலகங்களைத் துப்புரவு செய்து, பல வருடங்கள் காத்திருந்து பிரெஞ்சுப் பாஸ்போர்ட் எடுத்தார். எடுத்த கையோடு இலங்கைக் குடியுரிமையை விட்டுவிட்டார். ஐரோப்பியப் பாஸ்போர்ட் கையில் இருந்தால் எந்தக் கதவும் திறக்கும் என்று அவரோடு வேலை செய்த எல்லோரும் நம்பினார்கள். அக்கா வீட்டோடு வந்து சேர அது உதவியதும் உண்மைதான். ஆனால் இங்கே நாடாளுமன்றத் தேர்தலிலும் அந்த வாக்கெடுப்பிலும் பிரெஞ்சுக்காரருக்கு வாக்கு இல்லை. விசாவோடு இங்கே வசிக்கும் இலங்கைக்காரருக்கு, கொமன்வெல்த் நாட்டவர் என்பதால், உண்டு. வந்த பிறகுதான் அது அவருக்குத் தெரிந்தது.

அப்பாவுக்கு அது நல்ல பகிடி.

"நீர் அந்தப் பழைய பாஸ்போர்ட்டை வச்சிருந்தா இண்டைக்கு ராணியின்ரை ஆள். இப்ப பாரும், வெறும் பிரெஞ்சுக்காரி."

"வெறும் பிரெஞ்சுக்காரி தைச்ச சேட்டைத்தானே அத்தான் போட்டிருக்கிறியள். கழட்டித் தாங்கோ பாப்பம்."

உள்ளூராட்சித் தேர்தலில் மட்டும் சின்னம்மாவுக்கு வாக்கு இருந்தது. அதற்காக அவர் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்த்தது நான்தான். வீட்டில் எல்லோருடைய படிவங்களையும் பன்னிரண்டு வயதிலிருந்து நானே நிரப்பி வந்தேன்.

எனக்கும் சின்னம்மாவுக்கும் மாடியில் ஒரே அறை. சன்னலோரம் அவருடைய தையல் மெஷின், சுவரோரம் என் மேசை. ஈலிங் ரோட்டில் ஒரு சேலைக் கடைக்கு அவர் சட்டைகள் தைத்துக் கொடுப்பார். நான் கணக்குச் செய்வேன். மெஷின் சத்தம் இல்லாமல் படிக்க எனக்கு இன்றைக்கும் வராது. வேலையிலும் அப்படித்தான். மென்பொருளில் பிழை தேடுவது என் தொழில். அமைதியான அலுவலகத்தில் காதில் எதையாவது ஓடவிட்டுக்கொண்டுதான் தேடுகிறேன்.

எதையும் பட்டியல் போட்டு வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. சின்னம்மா வீட்டை விட்டுப் போன வாரத்தில், மறந்துவிடுவேன் என்ற பயத்தில் தொடங்கிய ஒன்று இன்னும் என் போனில் இருக்கிறது. கோபம் வந்தால் பிரெஞ்சில் பத்துவரை எண்ணுவார். பஸ்ஸில் மேல்தட்டு முன்சீட் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். புட்டுக்கு வாழைப்பழம் பிசையும்போது யாரும் பார்க்கக்கூடாது. நூல் கோக்க முதலில் என்னைத்தான் கூப்பிடுவார், பிறகு தானே கோத்துவிடுவார். முப்பத்தொன்றாவது வரியோடு அது நிற்கிறது. புதிதாகச் சேர்க்க அவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வாக்கெடுப்புக்கு முதல்நாள் இரவுச் சாப்பாட்டின்போது சின்னம்மா கேட்டார்.

"அத்தான், எங்கள் ரெண்டு பேருக்கும் வோட் இல்லை. நீங்கள் ரெண்டு பேரும் எங்களுக்காண்டிப் போடுங்கோ. உங்கட வோட் எனக்கு, அக்கான்ரை வோட் பிள்ளைக்கு."

"ஓம் ஓம், போடுறம்" என்றார் அப்பா, தட்டைப் பார்த்தபடி.

அப்பா எந்தப் பெட்டியைக் காட்டுகிறாரோ அதில் புள்ளடி போடுவதுதான் அம்மாவின் வழக்கம். எங்களுக்குத் தெரிந்த பல வீடுகளில் அப்படித்தான் நடந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு முடிவு.

வெளியேறுவது என்று முடிவு வந்த காலையில் நான் கீழே இறங்கி வந்தபோது தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. சின்னம்மா தைத்த சட்டைகளை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார்.

"எங்கட ரெண்டு வோட்டும் தண்ணியில போட்டுது அத்தான்" என்றார் சிரித்துக்கொண்டே.

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. "நான் வெளியால எண்டதுக்குத்தான் போட்டனான்" என்றார். பிறகு, "உம்மடை அக்காவும் அப்பிடித்தான்" என்றார்.

சின்னம்மா அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்து, சுவிட்சை அணைத்து, வயரைச் சுற்றினார்.

"ஏன் அத்தான்?"

"என்ரை அக்காவை மூண்டு தரம் விசா இல்லையெண்டு திருப்பி விட்டவங்கள். பிள்ளையின்ரை சாமத்தியச் சடங்குக்கும் வரேலாமல் போச்சு. ஐரோப்பாக்காரர் நினைச்ச நேரம் வந்து போகினம். இனிக் கொமன்வெல்த் ஆக்களுக்கு லேசாக்குவினமாம், நோட்டீஸில கிடந்தது."

"நான் நினைச்ச நேரம் வந்த ஆளோ?"

"உம்மைச் சொல்லேல்லை."

"என்னைத்தான் அத்தான் சொன்னது. வேற ஆரை?"

யாழ்ப்பாணத்தில் அப்பாவுக்கு இருந்தது ஒரே அக்கா. தாய் இல்லாத வீட்டில் அவரை வளர்த்தவர். விசாவுக்காக அப்பா சேர்த்த ஆவணங்கள் ஒரு சூட்கேஸ் நிறைய இருந்தன. அந்தக் காலையில் நான் அதையெல்லாம் நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்திருந்தாலும் எனக்கு இரக்கம் வந்திருக்காது. பதினாறு வயதில் எனக்கு வாக்கு இருந்திருந்தால் எங்கள் வீட்டில் இரண்டுக்கு ஒன்று என்றாவது இருந்திருக்கும் என்று மட்டும் திரும்பத் திரும்ப நினைத்தேன். அதனால் எண்ணிக்கை மாறியிருக்காது. சின்னம்மாவுக்குக் காட்ட ஒன்று என் கையில் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

மூன்று மாதத்தில் அவர் பாரிஸுக்குத் திரும்பினார். அங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ஒரு சிநேகிதியின் தையல் கடையில் வேலை. சண்டை எதுவும் நடக்கவில்லை. அப்பாதான் மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய் வேனில் ஏற்றினார்.

பிறகு, இங்கே வசித்த ஐரோப்பியர்கள் தங்கள் உரிமையைப் பதிந்து வைத்துக்கொள்ளும் திட்டம் வந்தது. தேவையான ஆவணங்களையெல்லாம் வரிசையாக எழுதி, சின்னம்மாவுக்குப் போன் எடுத்தேன். திரும்பி வந்து இருந்தால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன் என்றேன்.

"இருக்கவிடுங்கோ எண்டு ஒருக்கா பிரான்ஸில கையேந்தியாச்சு பிள்ளை. ரெண்டாந்தரம் ஏலாது."

"இது வெறும் போர்ம் சின்னம்மா. போனிலையே செய்யலாம்."

"உனக்குப் போர்ம்."

கடைசி நாளும் கடந்தது. அதன் பிறகு சின்னம்மா திரும்பி வருவாரா என்று எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. என் அறையில் சன்னலோரம் வெறுமையாகவே கிடந்தது. மேசையை அங்கே நகர்த்தச் சொல்லி அம்மா பல தடவை சொன்னார். வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழும். நான் நகர்த்தவில்லை.

எனக்குப் பதினெட்டு வயதான பிறகு ஒவ்வொரு தேர்தலிலும் அப்பாவுக்கு எதிராகத்தான் வாக்களித்திருக்கிறேன். அது அவருக்கும் தெரியும். அம்மா மட்டும் இரண்டு பேருக்கும் நடுவில், யாருக்குப் போட்டேன் என்று சொல்லாமல், புதிதாக ஒரு புன்னகையோடு வரப் பழகிவிட்டார். அலுவலகத்தில் மதிய இடைவேளையில், வாக்குகளின் விகிதப்படி ஆசனம் தரவேண்டும், மேலவையைக் கலைக்கவேண்டும் என்று என் வயதுக்காரர்கள் வாதாடுவார்கள். நானும் சேர்ந்துகொள்வேன். ஆனால் முறை மாற்றம் என்று யார் சொன்னாலும் என் மனதில் வருவது எங்கள் சாப்பாட்டு மேசைதான்: நான்கு தட்டு, இரண்டு வாக்கு.

பதினாறு வயதிலேயே வாக்குரிமை கொடுக்கச் சட்டம் கொண்டுவரப் போகிறார்கள் என்று செய்தி வந்த நாளில் அப்பா சொன்னார், "நல்ல வேலை. பெடியள் போனைப் பாத்துப் புள்ளடி போடுவினம்."

"நீங்கள் நோட்டீஸைப் பாத்துத்தானே போட்டனீங்கள்."

அப்பா எழுந்துபோய்த் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். 

சில வாரங்கள் கழித்து, வேலைக்குப் புறப்பட்ட அவசரத்தில், கதவடியில் கிடந்த கடிதங்களை நான் எடுத்தேன். ஒன்று உள்ளூராட்சிக் கவுன்சிலிலிருந்து, சின்னம்மாவின் பெயருக்கு. நின்ற நிலையிலேயே பிரித்தேன். சட்டம் மாறிவிட்டதால், பட்டியலில் உள்ள ஐரோப்பிய நாட்டவர் வாக்களிக்க இன்னும் தகுதி உள்ளவர்தானா என்று பார்க்கிறார்களாம். முன்பு அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வரவில்லையாம். இந்த முகவரியில் இன்னமும் வசிக்கிறாரா?

அன்று நான் வேலைக்குப் போகவில்லை. பெட்ரோல் ஸ்டேஷனில் காலை ஷிப்ட் முடித்து அப்பா வந்ததும் கடிதத்தை நீட்டினேன்.

"முதல் வந்தது எங்கை?"

"லாச்சிக்குள்ள கிடக்கு" என்று மேசையின் இழுப்பறையைக் காட்டினார்.

அங்கே அது மட்டும் இருக்கவில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு ஒவ்வொரு வருடமும் கவுன்சில் அனுப்பும் கடிதங்கள், வரிசையாக, மடிப்புக் கலையாமல் இருந்தன. எல்லாவற்றிலும் நான்கு பெயர்கள். சின்னம்மா போன பிறகு வீட்டுப் படிவங்களில் அந்த ஒன்றை மட்டும் 'அதை நான் பாக்கிறன்' என்று அப்பா தன்னிடம் வைத்துக்கொண்டதன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

"இதுகளுக்கு என்ன பதில் எழுதினனீங்கள்?"

"ஒண்டும் எழுதேல்லை. மாற்றம் இல்லையெண்டா பதில் போடத் தேவையில்லை எண்டு அவங்கள்தான் போட்டிருக்கிறாங்கள்."

"மாற்றம் இருக்கே அப்பா. ஆள் இல்லையே!"

"எனக்குத் தெரியாதோ?"

அம்மா குசினியிலிருந்து, "அதிலையெண்டாலும் இருக்கட்டுமன்" என்றார். அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது.

"பிழையான தகவல் குடுத்தா குற்றம்" என்றேன்.

"நான் குடுக்கேல்லை. வெட்டுறதெண்டா நீ வெட்டு பிள்ளை. என்னாலை ஏலாது. அண்டைக்கு ஒருக்காப் புள்ளடி போட்டு அவவை அனுப்பினது போதும்."

நான்கு நாட்கள் அந்தக் கடிதம் என் பையில் இருந்தது. தரவுத்தளத்தில் இல்லாத ஆளின் பதிவு ஒன்று இருந்தால் நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கமாட்டேன். இங்கே இரண்டு பெட்டிகளில் ஒன்றைக் குறிக்க வேண்டியிருந்தது: இங்கே வசிக்கிறார், இங்கே வசிக்கவில்லை. முதலாவதைக் குறித்தால் சான்று கேட்பார்கள். இருந்தும் ரயிலில் அதைக் குறிப்பதாக எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தேன்.

ஞாயிறன்று சின்னம்மாவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பிரெஞ்சில் எண்ணத் தொடங்கவில்லை. "உன்ரை அப்பா பக்கத்திலதான் நிக்கிறாரோ? குடு" என்றார். போனை மேசையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினேன். என்னோடும் அம்மாவோடும் பேசுவாரே தவிர, அப்பாவோடு அவர் பேசி வருடங்கள் ஆகியிருந்தன.

"சுகமோ?" என்றார் அப்பா.

"என்ரை பேரை வச்சு எத்தினை வோட் போட்டியள் அத்தான்?"

"ஐயோ, ஒண்டும் போடேல்லை. பேர் மட்டும்தான் கிடந்தது."

"அப்ப நான் இருந்த காலம் மாதிரித்தான்."

அம்மா சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார். அப்பா சிரிக்கவில்லை. "நான் அண்டைக்கு உமக்கு ஓம் எண்டு சொல்லியிருக்கக்கூடாது" என்றார்.

மறுபக்கம் கத்தரிக்கோலை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"உங்கட அக்கா எப்பிடி அத்தான்? வந்தவவோ?"

"இல்லை. நாலாந்தரமும் இல்லையெண்டிட்டாங்கள். இப்ப கண்ணும் தெரியேல்லையாம்."

"பாவம்" என்றார் சின்னம்மா. பிறகு, "வெட்டிவிடுங்கோ" என்றார்.

"வரமாட்டீரோ?"

"வாறன். பிள்ளையின்ரை கலியாணத்துக்கு வருவன்தானே. விருந்துக்கு வாறதுக்கு ஏன் பேர்?"

அப்பா போனுக்கு அருகே குனிந்தே இருந்தார். சின்னம்மா வைத்த பிறகும் அப்படியே இருந்தார். பேனையை எடுத்து நான்தான் குறித்தேன், இரண்டாவது பெட்டியில். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். உறையை ஒட்டி, முத்திரை தேவையில்லை என்று அதில் இருந்தும் ஒரு முத்திரை ஒட்டி, அவரே எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த உள்ளூராட்சித் தேர்தலுக்கு அப்பாவும் நானும் ஒன்றாகப் போனோம். அலுவலர் என் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பார்த்துவிட்டு, பட்டியலில் எங்கள் வீட்டு இலக்கத்துக்குக் கீழே ஒரு மரக் கோலை வைத்தார். தலைகீழாக வாசித்தேன். மூன்று பெயர்கள். நான்கு இருந்த வருடங்களில் இதே இடத்தில் நின்று, இதே கோலைப் பார்த்து, ஒரு தடவைகூட நான் குனிந்து வாசித்ததில்லை. சின்னம்மா அவ்வளவு காலமும் என் பெயருக்கு ஒரு விரற்கடை தூரத்தில்தான் இருந்திருக்கிறார்.

வாக்குச்சீட்டை வாங்கிக்கொண்டு விலகினேன். பின்னால் நின்ற அப்பாவின் முறை. அலுவலர் அவர் பெயரைக் கோடிட்டுவிட்டுச் சீட்டை நீட்டினார். அப்பா அதை வாங்காமல், கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பட்டியலின்மேல் குனிந்தார்.